ஒற்றை விரலில் தூக்கிய வண்டி

ஓசூர்,
16 மார்ச் 2025, ஞாயிறு.

அன்புள்ள உங்களுக்கு,

மணிமேகலை எழுதுவது. நீங்கள் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ரேவதி நன்றாக இருக்கிறாள். நான் வேலைக்குப் போய் வருகிறேன். மற்றவர்கள் எல்லோரும் நலம் என்று ஒரே வரியில் எழுதி முடிக்க முடியவில்லை. அதனால்தான் இத்தனை தாள்கள்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் என் அப்பா பேச்சை எடுத்தால் உங்களுக்கு உடனே மீட்டிங் வந்துவிடுகிறது. வாட்ஸ்அப்பில் எழுதினால் இரண்டு நீலக் கோடு விழுகிறது, அதோடு சரி. மறுநாள் காலையில் ஒரு ரோஜாப் படத்தோடு ‘குட் மார்னிங்’ வருகிறது. கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது. கிழித்துப் போடலாம்; கிழிக்கிறவர்களும் படித்துவிட்டுத்தான் கிழிப்பார்கள். நம் தெரு சரோஜம்மாளின் மகன் விடுமுறை முடிந்து வியாழக்கிழமை ஓமனுக்கு, உங்கள் சோஹாருக்கே திரும்புகிறான். அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் கையிலேயே கொடுக்க வேண்டும், மேஜை மேல் வைத்துவிட்டு வரக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

முதலில் வீட்டு விஷயம். ரேவதிக்கு ஏப்ரலில் முழுப்பரீட்சை. கணக்கில் உங்களைப் போல, தமிழில் என்னைப் போல. விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று இந்த வருடம் அவள் கேட்கவில்லை. காரில் ஏறினால் இன்னமும் பின்பக்கக் கண்ணாடியைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். பின்னால் ஒன்றும் இல்லை பாப்பா என்று நான் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் லைனில் புது மெஷின் வந்திருக்கிறது, க்வாலிட்டியில் ஆள் போதவில்லை, இரண்டு வாரமாக எனக்கு இரண்டாம் ஷிப்ட். எங்களை அங்கே கூப்பிட்டுக்கொள்ள நீங்கள் அனுப்பிய விசா தாள்கள் வந்து சேர்ந்தன. ஃபிரிட்ஜ் மேல் இருக்கின்றன. இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று இந்தக் கடிதத்தின் முடிவில் உங்களுக்கே தெரியும்.

போன மாதம் அம்மா பேரிகையிலிருந்து போன் செய்தாள். அந்த வண்டியை எங்காவது இழுத்துக்கொண்டு போய்ப் போடச் சொன்னாள். “அதப் பாத்தா எனக்கு சோறு எறங்கல மணி” என்றாள். எந்த வண்டி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் ஆசையாக வாங்கினீர்களே, காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் வீட்டு வண்டி. உள்ளே படுக்கை, பின்கதவைத் தூக்கினால் அடுப்படி, ஜன்னலுக்கு நீலத் திரை. போலீஸ் விட்டபிறகு அது எங்கள் நிலத்தில் பம்ப்செட் ரூமுக்குப் பக்கத்தில் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. நம் படுக்கையில் கோழி முட்டையிடுகிறது. அப்பா தண்ணீர் பாய்ச்சப் போனால் அந்தப் பக்கம் பார்க்காமல், வரப்பு மாறி, தக்காளிக்குள் புகுந்து போகிறார்.

பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன்னால் உள்ளே இருப்பதை எடுத்துவிடலாம் என்று போனேன். அடுப்படி இழுப்பறையில் தீப்பெட்டி, டீத்தூள் பாக்கெட், அதற்கு அடியில் பிளாஸ்டிக் உறை. உறைக்குள், வண்டியைச் செய்து விற்ற பட்டறைக்காரர் குருமூர்த்தி அதோடு கொடுத்த தாள். அதன் ஓரத்தில் பென்சிலில் உங்கள் கையெழுத்து. உங்கள் ஏழுக்கு மட்டும் நடுவில் ஒரு கோடு இருக்கும். அதை எந்தக் காகிதத்திலும் எனக்கு அடையாளம் தெரியும்.

நீங்கள் எழுதியிருந்ததை அப்படியே எழுதுகிறேன். ‘சாமான் ஏற்றி மொத்தம் 650. கொக்கியில் இறங்க வேண்டியது 65 முதல் 97. கார் கொக்கி தாங்குவது 50.’ ஐம்பதுக்குக் கீழே இரண்டு கோடு. அதற்கும் கீழே, ‘பின்னால் ஏற்றினால் 30க்கு வரும். ஓகே?’

ஓகேவுக்குப் பிறகு ஒரு கேள்விக்குறி. அந்தக் கேள்வியை நீங்கள் யாரிடம் கேட்டீர்கள் என்று தெரியவில்லை. என்னிடம் கேட்கவில்லை. என் அப்பாவிடமும் கேட்கவில்லை.

எனக்கு அப்போது அந்த எண்கள் புரியவில்லை. அடுத்த சனிக்கிழமை தாளை எடுத்துக்கொண்டு பாகலூர் ரோட்டில் குருமூர்த்தி பட்டறைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் வெல்டிங்கை நிறுத்திவிட்டு எழுந்துவிட்டார். சண்டை போட வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். சண்டைக்கு வரவில்லை, பாடம் படிக்க வந்திருக்கிறேன் என்றேன். பாவம், மனிதர் ஒரு மணிநேரம் வேலையை விட்டுவிட்டுச் சொல்லிக்கொடுத்தார்.

பட்டறையில் வேறொருவருக்காகச் செய்த வண்டி நின்றிருந்தது. அதன் முன்னால் நீளமாக நீண்டு வந்து காரில் மாட்டும் கம்பியை இரும்பு எடைபோடும் தராசு மேல் இறக்கி வைத்தார். தராசு எழுபது கிலோ காட்டியது. உள்ளே இருந்த பேட்டரியைப் பின்பக்கம் தள்ளினார். ஐம்பத்தைந்து. உள்ளே இருந்த தண்ணீர்க் கேனையும் கடைசி மூலைக்கு நகர்த்தினார். நாற்பதுக்குக் கீழே போய்விட்டது. வண்டியின் மொத்த எடையில் ஒரு கிலோகூடக் கூடவில்லை, குறையவில்லை. வைக்கிற இடம் மட்டும்தான் மாறியது. “மொத்தத்துல பத்துல ஒரு பங்காச்சும் இந்த மூக்குல ஒக்காரணும்மா. அப்பதான் வண்டி காருக்குப் பின்னாடியே ஒழுங்கா வரும். மூக்கு லேசாச்சுன்னா பின்னாடி தனியா ஆட ஆரம்பிச்சுரும். மெதுவா போறப்ப ஒண்ணும் தெரியாது. எண்பதுல, எறக்கத்துல, பக்கத்துல ஒரு லாரி போச்சுன்னா போதும். ஆடும். அப்ப பிரேக் அடிச்சா முடிஞ்சுது” என்றார்.

போன மே மாதம் மேலுமலை இறக்கத்தில் நாம் எண்பத்தைந்தில் போனோம். பக்கத்தில் கண்டெய்னர் லாரி போனது. வண்டி ஆடியது. நீங்கள் பிரேக் அடித்தீர்கள்.

அப்படியானால் எங்கள் அப்பா பாரம் வைத்ததுதான் காரணமா என்று கேட்டேன். அவர் கையுறையைக் கழற்றி வைத்தார். பிறகு, “அன்னைக்கே சார்கிட்ட சொன்னனேம்மா” என்று ஆரம்பித்தார்.

அவர் உங்களிடம் சொன்னது எனக்குப் பத்து மாதம் கழித்துத் தெரிந்தது. வண்டி வாங்கும் முன்பே உங்கள் காரைப் பார்த்துவிட்டு, இந்தக் காரின் கொக்கி ஐம்பது கிலோதான் தாங்கும், ஆகவே நானூறு நானூற்றைம்பதுக்கு மேல் உள்ள வண்டியை மாட்டாதீர்கள் என்றிருக்கிறார். இரண்டு பேர் படுக்கிற குட்டி வண்டி ஒன்றைக் காட்டியிருக்கிறார். நீங்கள் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, உள்ளே நிமிர்ந்து நிற்க முடியவில்லை என்று சொன்னீர்களாம். பெரியதுதான் வேண்டுமென்றால் காரை மாற்றுங்கள் என்றதற்கு, பார்த்துக்கொள்ளலாம் என்றீர்களாம். ஒழுங்காக ஏற்றினால் கார் தாங்காது, கார் தாங்குகிற மாதிரி ஏற்றினால் வண்டி ஆடும். “யாரு பாரம் வெச்சிருந்தாலும் அது அந்தக் காருக்கு ஆவாத வண்டிம்மா” என்றார் குருமூர்த்தி. அவர் விற்றிருக்கக்கூடாது, அதையும் அவரே சொன்னார். அப்பாவைத் தவிர, தன்மேலும் தப்பிருக்கிறது என்று என்னிடம் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

பட்டறையிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே வந்தேன்.

இனி மே மாதம் பதினொன்றாம் தேதிக் காலையை எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் என் வாயால் ஒருமுறை கேளுங்கள். ஏலகிரிக்குப் போகும் வழியில் என் தம்பி பிரேம்குமாரை ஏற்றிக்கொள்ள பேரிகைக்கு வந்தோம். அம்மா வழக்கம்போலப் பாதி வீட்டைக் கட்டிக் கொடுத்தாள். ராகி மாவு, அரிசி, தக்காளி ஒரு பெட்டி, அறுபது லிட்டர் டிரம்மில் தண்ணீர். எல்லாவற்றையும் வண்டியின் முன்பக்கம் அடுக்கியதும் உங்கள் காரின் பின்பக்கம் தரையோடு உட்கார்ந்துவிட்டது. நீங்கள் அப்பாவைக் கூப்பிட்டு, “மாமா, முன்னால ரொம்ப அமுக்குது, நீங்கதான் வண்டி ஓட்டுனவங்களாச்சே, கொஞ்சம் லேசாக்கிக் குடுங்க” என்றீர்கள்.

அப்பா முகம் எப்படி மலர்ந்தது என்று நீங்கள் கவனித்தீர்களோ இல்லையோ. ஊரே வாய்க்கு வந்ததைப் பேசியபோது, என் மகள் பார்த்த பையன் நல்லவனாகத்தான் இருப்பான் என்று ஒரே வார்த்தையில் சொல்லி நம் கல்யாணத்தை நடத்தினவர். பத்து வருடமாக மாப்பிள்ளை தன்னிடம் எதையும் கேட்கவில்லை என்ற குறை அவருக்கு இருந்தது. இன்ஜினியர் மாப்பிள்ளை முதல்முறையாக ஒன்று கேட்டார். அவருக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்டார்.

அவருக்குத் தெரிந்தது மாட்டுவண்டி. மாட்டுவண்டியில் முன்பாரம் கூடினால் நுகத்தடி காளையின் கழுத்தை அழுத்திப் புண்ணாக்கும். அதனால் பாரத்தை அச்சுக்கு முன்னும் பின்னும் நிரவி, கழுத்தில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குக் கொண்டுவருவார்கள். அதில் அவர் கெட்டிக்காரர். அன்றைக்கும் டிரம்மைப் பின்னால் தள்ளினார். மாவை எடுத்து அடுப்படி ஓரத்தில் வைத்தார். தக்காளிப் பெட்டியை நகர்த்தினார். ஒவ்வொரு தடவையும் வந்து கம்பியைத் தூக்கிப் பார்த்தார். கடைசியில் ஒற்றை விரலால் தூக்கினார். தூக்கிவிட்டு, “காளை கழுத்துல பூ வெச்சாப்பல இருக்குது மாப்ள” என்று சிரித்தார்.

நீங்கள் அதை வீடியோ எடுத்தீர்கள். ‘எங்கள் மாமாவின் இன்ஜினியரிங்’ என்று எழுதிக் குடும்ப குரூப்பில் போட்டீர்கள். நாற்பத்தொரு பேர் கட்டைவிரல் போட்டார்கள். நானும் ஒரு இதயம் போட்டேன். அந்தத் தாள் அப்போது நான்கடி தள்ளி அடுப்படி இழுப்பறையில் இருந்தது. மூக்கு லேசானால் என்ன ஆகும் என்று அந்த இடத்தில் தெரிந்த ஒரே ஆள் நீங்கள். நீங்கள் காரின் பின்பக்கம் நிமிர்ந்துவிட்டதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டீர்கள்.

செய்தது தப்புதான், நான் அப்பாவுக்காகப் பொய் சொல்ல மாட்டேன். காளைக்குக் கழுத்து லேசாக இருக்க வேண்டும், காருக்கு மூக்கில் பாரம் வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. நடந்து போகிற வண்டிக்கும் எண்பத்தைந்தில் பறக்கிற வண்டிக்கும் கணக்கு வேறு என்பது தெரியவில்லை. தெரியாமல் செய்தார். நான் சொல்ல வருவது அவ்வளவுதான்.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரி வராந்தா ஞாபகம் இருக்கிறதா? எனக்கு நெற்றியில் நாலு தையல், மடியில் ரேவதி. பிரேம் உங்கள் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான், அவன் பக்கத்துக் கதவுதான் நடுச்சுவரில் மோதியது. தோளிலிருந்து வலதுகைக்குப் போகிற நரம்பு பிய்ந்துவிட்டது, கை இனி எழும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன பத்தாவது நிமிடம். எங்கள் சொந்தக்காரர்கள் வந்து எப்படி ஆச்சு என்று கேட்டார்கள். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு, “மாமாதான் லோடு பண்ணாங்க” என்றீர்கள். அவ்வளவுதான். கூட ஒரு வார்த்தை இல்லை. வீடியோ எல்லோருடைய போனிலும் இருந்தது. அப்பா ஒற்றை விரலோடு எல்லோருடைய கையிலும் சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் லேசாக்கச் சொன்னது எனக்குத் தெரியும். இருந்தாலும் பாரம் வைத்தது அவர்தானே என்று நானும்தான் நினைத்தேன். அப்பாவை விட்டுக்கொடுத்தவர்கள் பட்டியலில் என் பேரும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு உங்களுக்கு நியாயம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நம் கம்பெனியில் ஏதாவது பீஸ் ரிஜக்ட் ஆனால் ஐந்து முறை ஏன் என்று கேட்கச் சொல்லி எங்களுக்கு வகுப்பு எடுத்தது யார்? ஆளைக் குறை சொல்லி நிறுத்தாதே, காரணத்தைக் கண்டுபிடி என்று போர்டில் எழுதி, அடியில் கோடு போட்டது யார்? அந்த வகுப்பில்தான் நான் உங்களை முதன்முதலில் நிமிர்ந்து பார்த்தேன். இப்போது நான் கேட்கிறேன். வண்டி ஏன் கவிழ்ந்தது? ஆடியது. ஏன் ஆடியது? மூக்கில் பாரம் இல்லை. ஏன் இல்லை? அப்பா பின்னால் ஏற்றினார். மூன்றாவதிலேயே நீங்கள் எழுந்து போய்விட்டீர்கள் சார். அப்பா ஏன் பின்னால் ஏற்றினார்? நீங்கள் கேட்டீர்கள். ஏன் கேட்டீர்கள்? கார் தாங்கவில்லை. அது தாங்காது என்று வாங்கும் அன்றைக்கே உங்களுக்குத் தெரியும். ஐந்து முடிந்துவிட்டது. ஆறாவதாக ஒன்று எனக்கு இருக்கிறது. அதை நேரில் கேட்கிறேன்.

ரேவதி பால் கேட்கிறாள். மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

திங்கட்கிழமை.

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். கிழித்துவிட்டு மரியாதையாக எழுதலாமா என்று தோன்றியது. பிறகு, இதற்கு மேல் என்ன மரியாதை என்று விட்டுவிட்டேன்.

பேரிகையில் இப்போது எப்படி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் ஆகஸ்டில் ஓமனுக்குப் போய்விட்டீர்கள். போவதற்கு முன்னால் ஒருமுறை வந்தீர்கள், வாசலில் நின்றே சொல்லிக்கொண்டு போனீர்கள்.

பிரேமை கம்பெனியில் நான்கு மாதம் லைட் டூட்டியில் வைத்திருந்தார்கள், பிறகு நின்றுவிட்டது. வலதுகையைத் துணியால் கழுத்தில் கட்டிக்கொண்டு வீட்டில் இருக்கிறான். இடதுகையால் சாப்பிடப் பழகிவிட்டான், எழுதப் பழகுகிறான், சட்டைப் பொத்தான் மட்டும் அம்மா போடுகிறாள். இருபத்தாறு வயதுப் பையன், அம்மா பொத்தான் போடும்போது கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். ஆஸ்பத்திரியில் அப்பா முதன்முதலில் அவனைப் பார்க்கப் போனபோது, “பாரம் வெக்கத் தெரியும்னு சொன்ன இல்ல? பாரு” என்று கையைக் காட்டினான். அதன்பிறகு அவரோடு ஒரு பேச்சில்லை. பத்து மாதமாக அப்பா என்று கூப்பிடவில்லை. அம்மாவிடம் பேசும்போது ‘அவரு’ என்கிறான். அவர் சாப்பிட்டு எழுந்தபிறகுதான் தட்டெடுத்து வைக்கிறான்.

அப்பா மாடுகளை விற்றுவிட்டார். ஏன் விற்றீர்கள் என்று கேட்டால், “எனக்கு பாரம் வெக்கத் தெரியல பாப்பா” என்கிறார். தக்காளி ஏற்றக் குட்டியானை வண்டி வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்கிறார். ஒரு பெட்டியைத் தொடுவதில்லை. டிரைவரே ஏற்றிக்கொள்கிறான். மண்டியில் ஒருத்தர் விளையாட்டுக்கு, “முனிவேலண்ணன் கை வெச்சா வண்டி கவுந்துரும்டா” என்றாராம். எல்லோரும் சிரித்தார்களாம். அப்பாவும் சிரித்துவிட்டு வந்தார் என்று அம்மா சொல்லி அழுதாள். அழுதவளும் சும்மா இல்லை. கோபம் வந்தால் அவளே, “பெத்த புள்ள கைய எடுத்தவரு” என்று சொல்லிவிடுகிறாள்.

பட்டறைக்குப் போன மறுநாள் நான் பேரிகைக்குப் போய் அப்பாவிடம் தாளைக் காட்டினேன். அவர் கொத்தமல்லிக் கட்டு கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கொக்கி ஐம்பது, வேண்டியது அறுபத்தைந்து, யார் ஏற்றியிருந்தாலும் ஆகாத வண்டி, இது மாப்பிள்ளைக்கு முன்னாலேயே தெரியும் என்பது வரை சொன்னேன். அவர் கட்டுவதை நிறுத்தவில்லை. கடைசிக் கட்டையும் கட்டி வைத்துவிட்டு, “அப்ப நான் ஒழுங்கா வெச்சிருந்தாலும் ஆயிருக்குமா பாப்பா?” என்று கேட்டார். ஏதோ ஒன்று ஆகியிருக்கும்பா, கொக்கி விட்டிருக்கும் இல்லையென்றால் கார் இழுபட்டிருக்கும் என்றேன். அவர் தோள் கொஞ்சம் இறங்கியது. பத்து மாதத்தில் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

அப்புறம் அவர் செய்ததை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. தாளை நாலாக மடித்து என் கையிலேயே திணித்தார். “இத பிரேமுக்குக் காட்டாத. உங்கம்மாவுக்கும் காட்டாத. மாப்ள பேரு கெட்டுப்போனா நீ எங்க போய் நிப்ப? என்னைய எல்லாரும் சொல்லி முடிச்சிட்டாங்கோ. இனிமே புதுசா என்னா சொல்லப்போறாங்கோ?” என்றார். என் தலைமேல் கைவைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். கையில் கொத்தமல்லி வாசனை.

நான் சத்தியம் செய்துவிட்டேன். என் குடித்தனம் நிற்பதற்காக அந்த மனிதர் மகனில்லாதவராகச் சாகப்போகிறார், நான் அதற்குத் தலையாட்டிவிட்டு பஸ் ஏறி வந்து இரண்டாம் ஷிப்டுக்குப் போனேன். அன்றைக்கு ஒரு நல்ல பீஸுக்குச் சிவப்பு டேக் கட்டி ரிஜக்ட் பெட்டியில் போட்டிருக்கிறேன். பன்னிரண்டு வருடத்தில் அப்படி நடந்ததில்லை. சூப்பர்வைசர் எடுத்துக் காட்டி, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

உங்கள்மேல் எனக்கு எவ்வளவு கோபம் என்று நான் அளந்து பார்க்கவில்லை. நீங்கள் கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரியில் பயந்துபோனீர்கள், ஒரு வார்த்தை வாயில் வந்தது, அது உங்களைக் காப்பாற்றியது, பிறகு அதைத் திரும்ப எடுக்கக் கூச்சமாக இருந்தது. எனக்குப் புரிகிறது. புரிகிறது என்பதால் ஆறவில்லை. இங்கே இருந்தால் எங்கள் அப்பா முகத்தைப் பார்க்க வேண்டிவரும் என்றுதான் ஓமனுக்குப் போனீர்கள் என்று இப்போது நினைக்கிறேன். சம்பளத்துக்காக என்று அப்போது எல்லோரிடமும் நான்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நான் சத்தியம் செய்திருக்கிறேன். நீங்கள் யாரிடமும் எந்தச் சத்தியமும் செய்யவில்லை.

வருகிற 28-ஆம் தேதி வெள்ளிக்கிழமை, உங்களுக்கு விடுமுறை. இங்கே காலை பத்து மணிக்கு அப்பா தோட்டத்திலிருந்து சாப்பிட வருவார், உங்களுக்கு அப்போது எட்டரை. பிரேம் உள் அறையில் இருப்பான். நான் அங்கே இருக்க மாட்டேன். நான் இருந்தால் நீங்கள் என்னோடு பேசித் தப்பித்துக்கொள்வீர்கள். அப்பாவுக்குப் போன் செய்யாதீர்கள், அவர் உங்களைப் பேசவிட மாட்டார், பரவாயில்லை விடுங்க மாப்ள என்று வைத்துவிடுவார். பிரேமுக்குச் செய்யுங்கள். என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம், அவனிடம்கூடக் கேட்க வேண்டாம். லேசாக்கச் சொன்னது நான், அந்த வண்டி இந்தக் காருக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும், உங்கள் அப்பாவுக்குத் தெரியாது. இந்த மூன்றை மட்டும் சொல்லுங்கள். அவன் உங்களைத் திட்டுவான். கேட்டுக்கொள்ளுங்கள். பத்து மாதமாக இன்னொருவர் கேட்டுக்கொண்டிருப்பதுதான் அது.

விசா தாளில் கையெழுத்துப் போடுவேனா மாட்டேனா என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் அதற்காகப் பேசியதாக ஆகிவிடும்.

உங்கள் பென்சில் எழுத்து உள்ள தாளை இத்தோடு வைத்திருக்கிறேன். நான் நகல் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. இனி அது உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. என்ன செய்வதென்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

அங்கே வெயில் ஏற ஆரம்பித்திருக்கும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள். கடவுள் உங்களுக்குத் தைரியத்தைக் கொடுக்கட்டும். கடைசியாக ஒன்று. பிரேம் போனை எப்போதும் வலதுபக்கப் பாக்கெட்டில்தான் வைக்கிறான், பழைய பழக்கம் போகவில்லை. இடதுகையைச் சுற்றிக் கொண்டுவந்து எடுக்க அவனுக்கு நேரமாகும். மணி அடித்துக்கொண்டே இருந்தால், எடுக்கவில்லையே என்று நிம்மதியாக வைத்துவிடாதீர்கள். அவன் எடுக்கும்வரை காத்திருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி, முனிவேலின் மகள்
மணிமேகலை